பட்டுப்போன ரோஜாவும் மைலோ டின் வெந்தயமும்

கேள்வி: செந்தூலில் ஒரு ஃபிளாட்டில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 54. போன வருடம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. இனிப்பு நீரும் இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டேன். ஜொகூரில் இருக்கும் மகன், “செடி வளர்த்தால் மனசு லேசாகும்மா” என்று சொல்லி ஒரு ஆர்க்கிட், இரண்டு ரோஜா, ஒரு துளசி வாங்கி வைத்துவிட்டுப் போனான். தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்றினேன். ரோஜா இரண்டும் பட்டுவிட்டன. ஆர்க்கிட் பூவெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிறது. துளசியும் காய்ந்த சமயம் பார்த்து என் நாத்தனார் வந்தார். “வீட்டில் துளசி பட்டுப்போனால் நல்லதில்லையே” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. எனக்குக் கைராசியே இல்லையா? அவர் இப்படிப் படுத்திருக்கும்போது பூச்செடி வைத்துச் சந்தோஷப்பட நினைப்பதே தப்போ என்றும் படுகிறது. சில ராத்திரி, எதற்கு இந்த வாழ்க்கை என்றுகூட வருகிறது. இனிமேல் செடியே வேண்டாமா, இல்லை எனக்கு ஏற்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

தோட்டக்கலை ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த நான்கு செடிகளின் கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் கடிதத்தில் பாதி பாரம் அங்கேதான் இருக்கிறது.

அந்த ரோஜாவை உங்கள் மகன் என் வீட்டுப் பால்கனியில் கொண்டுவந்து வைத்திருந்தாலும் அநேகமாகப் பட்டுத்தான் போயிருக்கும். நம் நர்சரிகளில் பூவும் மொட்டுமாய் நிற்கும் பெரிய பூ ரோஜாக்களில் பல, கேமரன் மலையில் வளர்ந்து கீழே இறங்கியவை. அங்கே ராத்திரியில் போர்வை வேண்டும், இங்கே விடியும்வரை காற்றாடி ஓட வேண்டும். போதாததற்கு, நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ரோஜா இலையில் கரும்புள்ளி நோய் சீக்கிரம் பிடிக்கும். முதலில் கறுப்புப் பொட்டு, அப்புறம் சுற்றிலும் மஞ்சள், அப்புறம் கீழ் இலையிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், தவறாமல் உரம், நோய்ப்பட்ட இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க நேரம், இத்தனையும் இருந்தால்தான் கோலாலம்பூரில் அந்த ரோஜா நிற்கும். ஏற்கெனவே ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் இன்னொரு நோயாளியைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. மகனைக் குறை சொல்லவில்லை. பூவைப் பார்த்துச் செடி வாங்குவது எல்லோரும் செய்வதுதான்.

ஆர்க்கிட் சாகவில்லை. கடைகளில் அன்பளிப்பாக விற்கும் பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டாகத்தான் அது இருக்கும். அதன் பூ இரண்டு மூன்று மாதம் நின்றுவிட்டு உதிர்வது இயல்பு. மறுபடி பூத்தண்டு விட அதற்குச் சில வாரமாவது இரவில் குளிர்ச்சி வேண்டும். நம் ஃபிளாட்டில் அது கிடைப்பது கஷ்டம். தடித்த இலைகள் பச்சையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை நனைத்தால் போதும். அதன் வேருக்கு ஈரத்தைவிடக் காற்று முக்கியம். தினமும் ஊற்றியிருந்தால் வேர் அழுக ஆரம்பித்திருக்கும், உடனே நிறுத்துங்கள். பார்க்கப் பார்க்க மனசு கனத்தால், தோட்டம் வைத்திருக்கும் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதில் பாவமும் இல்லை, அவமானமும் இல்லை.

துளசி விஷயம் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. துளசி ரொம்ப நாள் வாழும் செடி இல்லை. பூக்கதிர் விட்டு விதை முற்றவிட்டால் கிளை மரத்துப்போய், இலை சிறுத்து, ஓரிரு வருடத்தில் தானே ஓய்ந்துவிடும். கோவில்களில் துளசி மாடம் எப்போதும் பச்சையாக இருக்கிறதென்றால், பழசு போகும்போது புதுக் கன்று வைக்க அங்கே ஆள் இருக்கிறார்கள். தவிர, அதற்கு நல்ல வெயில் வேண்டும். எதிர் பிளாக்கின் நிழல் விழும் பால்கனியில் வைத்துத் தினமும் ஊற்றினால் எந்த வீட்டிலும் காயும். உங்கள் நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், தம்பிக்கோ அண்ணனுக்கோ இப்படி ஆகிவிட்டதே என்ற பயம் அவருக்கும் இருக்கும். ஆனால் நோய் வந்தது போன வருடம், துளசி காய்ந்தது இப்போது. காய்ந்த தண்டின் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக விதைகள் விழுந்தால் எடுத்து ஒரு தாளில் மடித்து வையுங்கள். வெயில் வரும் இடம் எது என்று கண்டுபிடித்த பிறகு தூவிக்கொள்ளலாம்.

ஆகக் கைராசி என்ற பேச்சே இதில் வரவில்லை. இடத்துக்குப் பொருந்தாத செடி, அளவுக்கு மீறிய தண்ணீர், இவ்வளவுதான் நடந்தது. இரண்டாவது விஷயத்துக்கு ஒரு பழக்கம் போதும். ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரமண் ஒட்டினால் அன்றைக்குச் செடிக்கும் விடுமுறை, உங்களுக்கும் விடுமுறை.

அவர் படுத்திருக்கும்போது நான் சந்தோஷப்படலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. நீங்கள் வாடிக் கிடந்தால் அவருக்கு எந்தக் கை நீளப் போகிறது?

அந்த ராத்திரி எண்ணத்தைப் பற்றி மட்டும் செடிக்காரனாகப் பதில் சொல்ல மாட்டேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, எந்தப் பூச்சாடியிலும் இல்லை. வீட்டுக்காரருக்கு மருந்து எடுக்கக் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்துக்குப் போகும்போது உங்கள் பெயரையும் பதிந்து, டாக்டரிடம் இதே வார்த்தையைச் சொல்லுங்கள்: தூக்கம் வரவில்லை, வாழ்க்கை எதற்கு என்று தோன்றுகிறது என்று. நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு வரும் மனச்சோர்வு டாக்டர்களுக்குப் புதிதில்லை. அதுவரை காத்திருக்க முடியாத ராத்திரியில் மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்புக்கு 03-7627 2929 என்ற எண்ணில் கூப்பிடலாம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். மகனிடமும் மறைக்காதீர்கள். செடி வாங்கிக் கொடுத்த பையன், விஷயம் தெரிந்தால் மாதத்தில் ஒரு வார இறுதியாவது வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வான்.

இனிச் செடிக்கு வருகிறேன்.

செடி வளர்த்தால் மனசு லேசாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதனால் என்று கேட்டால் பசுமை, ஆக்சிஜன் என்று ஏதோ சொல்வார்கள். 1976ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மாடியில் இருந்த முதியவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் இஷ்டம் என்றார்கள். படம் போடும் நாளில் எந்த நாள் பார்ப்பது என்பதையும் அவர்களிடமே விட்டார்கள். ஒரு தட்டில் சின்னச் செடிகளை நீட்டி, வேண்டுமா, எது வேண்டும் என்று கேட்டு, பார்த்துக்கொள்வது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு மாடியிலும் அதே மாதிரிச் செடிதான், ஆனால் கையில் கொடுத்து, “நர்சுகளே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்” என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடிக்காரர்கள்தான் சுறுசுறுப்பாகவும் கலகலப்பாகவும் இருந்தார்கள். இந்த ஆய்வைச் செடியின் மகிமை என்று பலர் எடுத்துச் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. செடி இரண்டு மாடியிலும் இருந்தது. ஒரு மாடியில் மட்டும், தன் காரியத்தில் ஏதோ கொஞ்சம் தன் கையில் இருந்தது.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு இன்சுலின், என்றைக்கு ஆஸ்பத்திரி, சாப்பாட்டில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, எல்லாமே வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. உங்களுக்கும் அப்படி, அவருக்கும் அப்படி. மகன் அன்போடு கொண்டுவந்த செடிகூட உங்களைக் கேட்டு வந்ததில்லை. ஆகவே நான் சொல்லும் ஆலோசனை இவ்வளவுதான்: இந்த முறை செடியை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அழகுக்காக வேண்டாம். சீக்கிரம் முளைப்பது, சமையலுக்கு ஆவது, ஒரு நாள் மறந்தால் கோபித்துக்கொள்ளாதது, போனால் நாலு காசோடு போவது, அப்படி ஒன்று.

அது இப்போதே உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வெந்தயம்.

இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ராத்திரி ஊறப் போடுங்கள். காலி மைலோ டின் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை குத்தி, மண்ணைப் பொலபொலவென்று முக்கால் வாசி போட்டு நனைத்துக்கொள்ளுங்கள். ஊறிய வெந்தயத்தை வடித்து மேலே பரவலாகத் தூவி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவித் தண்ணீர் தெளியுங்கள். ஜன்னல் ஓரம் போதும். மூன்றாம் நாள் மண்ணில் வெடிப்பு மாதிரித் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்த்தால், கழுத்து வளைந்த வெள்ளைத் தண்டுகள் மண்ணை நெம்பிக்கொண்டு வருவது தெரியும். சிலதின் தலையில் மஞ்சள் விதைத்தோல் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் அதைத் தள்ளிவிட்டு இரண்டு இலை விரியும். இலைமேல் விரலை லேசாக ஓட்டினால் அந்தக் கசப்பு வாசனை கையிலேயே நிற்கும். இரண்டு வாரத்தில் விரல் நீளம் வந்துவிடும். கத்தரிக்கோலால் அடியோடு வெட்டி முட்டை பொரியலிலோ பருப்பிலோ போடலாம். வெட்டின டின்னைக் கிளறிவிட்டு மறுபடி தூவ வேண்டியதுதான்.

இதில் உங்கள் வீட்டுக்காரருக்கு நிறைய வேலை இருக்கிறது. இடது கை நன்றாக இருக்கிறதல்லவா? ஊறிய வெந்தயத்தைக் கிண்ணத்தில் வைத்து டின்னை மேசைமேல் அவர் இடது கைக்கு எட்டும்படி வையுங்கள். அவரே தூவட்டும். பாதி மேசையில் விழும், ஒரே இடத்தில் குவியலாகவும் விழும், விழட்டும். “இருங்க, நான் செய்யறேன்” என்று மட்டும் கையை நீட்டிவிடாதீர்கள். குவியலாக விழுந்த இடத்தில் குவியலாக முளைக்கும், அது அவர் தூவிய இடம் என்று பார்த்தாலே தெரியும். வலது கையால் டின்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்பதை அவருடைய பயிற்சியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். பலர் இந்த மாதிரி வேலையைப் பயிற்சியாகவே சேர்த்துக்கொள்வார்கள். பயிற்சிக்குப் போக இடம் தேடிக்கொண்டிருந்தால், நாசாம் என்ற தேசியப் பக்கவாதச் சங்கம் பெட்டாலிங் ஜெயாவில் மறுவாழ்வு மையம் நடத்துகிறது. 1996ல், பக்கவாதம் வந்து மீண்ட ஒருவரே தொடங்கிய சங்கம் அது.

பேச்சு வராதவரிடம் “என்ன செடி வைக்கலாம்?” என்று கேட்டால் தவிப்பார். இரண்டு இலையைக் கொண்டுபோய் மூக்கருகே காட்டுங்கள். ஒன்று கற்பூரவல்லி, ஒன்று பாண்டான். எது என்று விரலால் காட்டட்டும். அவர் காட்டியதையே வையுங்கள், உங்களுக்கு மற்றது பிடித்திருந்தாலும்.

இரண்டும் சாகடிக்க முடியாத செடிகள் என்று சொல்ல ஆசைதான், சாகடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எல்லாம் தண்ணீரால்தான். கற்பூரவல்லியில் ஒரு சாண் கிளையை ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மண்ணில் செருகினால் ஓரிரு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். தடித்த இலை, உள்ளே நீர் வைத்திருக்கும், நாலு நாள் ஊற்றாவிட்டாலும் சமாளிக்கும். பாண்டான் பக்கக் கன்று விடும். அக்கம்பக்கத்தில் தரை வீட்டுக்காரர் யாரிடமாவது ஒரு கன்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கடையில் வாங்கவே வேண்டாம். அரை நிழலிலும் வரும், சோற்றில் ஒரு இலையைக் கட்டிப் போட்டால் வீடே மணக்கும்.

நேர் வெயில் கொஞ்சம் கிடைத்தால் கங்குங் கீரை போடுங்கள். பாசாரில் வாங்கும் கங்குங்கில் இலையை ஆய்ந்துவிட்டுக் குச்சியைத்தானே எறிகிறோம்? முற்றின குச்சியாக, கணு இருப்பதாக எடுத்துச் செருகுங்கள், வேர் விடும். வேர் பிடித்துத் தழைத்தபின் வெட்ட வெட்டத் துளிர்க்கும். இதற்கு மட்டும் மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆகவே தினமும் தண்ணீர் ஊற்றும் உங்கள் கைக்குச் சரியான செடி இதுதான். மலாய்க்காரர்கள் செக்கூர் மானிஸ் என்று சொல்லும் தவசிக்கீரையும் குச்சியில் வரும். சமைத்துச் சாப்பிட நல்ல கீரை. பச்சையாக அரைத்துச் சாறு குடிக்க மட்டும் வேண்டாம். 1990களில் தைவானில் உடல் இளைக்கிறோம் என்று அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இனிப்பு நீருக்கு நல்லது என்று யாராவது செய்தி அனுப்பினால் கண்டுகொள்ளாதீர்கள்.

கறிவேப்பிலை? கேட்பீர்கள் என்று தெரியும். நம் ஆட்கள் தோட்டப்புற லயத்து வீடுகளில் இருந்த காலத்திலிருந்தே பின்பக்கம் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் சாடியில் அது மெதுவாகத்தான் வரும், முதல் வருடம் ஒடிக்கக் கை வராது. இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வெந்தயம் நாலைந்து முறை வெட்டியபின் ஒரு கன்று வாங்கிக்கொள்ளலாம்.

பால்கனி எந்தத் திசை பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருப்பதால் சூரியன் வருடத்தில் இரண்டு பக்கமும் நகரும். வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் முதல் பாதிவரை வெயில் உள்ளே வரும், தெற்குப் பார்த்ததற்கு மீதி மாதங்களில். “போன மாசம் நல்லா இருந்த செடி இந்த மாசம் வாடுதே” என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். கிழக்கு என்றால் கவலையில்லை, காலை வெயில் எல்லாச் செடிக்கும் ஆகும். மேற்கு என்றால் பகல் மூன்று மணி வெயில் சின்னச் சாடியைச் சுட்டுவிடும், வெந்தயத்தைச் சற்று உள்ளே தள்ளி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று பார்த்து எழுதிக்கொண்டால் போதும். அவர் படுத்திருக்கும் இடத்திலிருந்து பால்கனி தெரியுமென்றால் இந்த வேலையையும் அவரிடமே கொடுக்கலாம்.

மண்ணுக்கு நம் ஊரில் வழக்கமான கணக்கு, மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல். ஒன்பதாவது மாடிக்கு இது கனம். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் யார் தூக்குவது? மண்ணில் பாதியைக் குறைத்துத் தேங்காய் நார்த்தூள் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை உடனுக்குடன் ஊற்றலாம், வாளியில் சேர்த்து வைத்து நாறவிட்டு ஊற்ற வேண்டாம். எந்தச் சாடியையும் பால்கனிக் கம்பிக்கு வெளியே மாட்டாதீர்கள், சுவர் விளிம்பிலும் வைக்காதீர்கள். கீழே பிள்ளைகள் நடமாடுவார்கள். பொது நடைபாதையும் வேண்டாம், உங்கள் சக்கர நாற்காலிக்கே வழி வேண்டும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி உண்டு. நல்ல உடம்புக்காரர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, இனிப்பு நீர்க்காரர்களுக்குப் புண் வழியாக ஏறினால் ஆபத்து. அவர் வெந்தயத்தைத் தொடலாம், மண்ணைத் தொடும் வேலை என்றால் ரப்பர் கையுறை போட்டுவிடுங்கள். கையிலோ காலிலோ ஆறாத புண் இருந்தால் மண்பக்கமே வேண்டாம். மண் மூட்டையை அவர் முகத்தருகே உதறாதீர்கள். முடிந்ததும் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

டிங்கியைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீருக்கு மேலே தட்டின் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி நனைந்ததும் பொரிக்கும். பொரித்து ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள், தண்ணீர் தேங்காது.

நர்சரிக்குப் போக ஆசை வந்தால், மகன் வரும் வாரத்தில் சுங்கை பூலோவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தொழுநோய்க் குடியிருப்பு இருந்த பகுதியில் சாலையோரம் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன. 1930ல் திறந்த அந்தக் குடியிருப்பில் ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வீட்டாரை விட்டு, ஊரை விட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். நோய் குணமான பிறகும் திரும்பிப் போக வீடில்லாமல் அங்கேயே தங்கியவர்களில் பலர் செடி வளர்த்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அவர்களிடம் பூச்செடி வாங்கி வந்தார்கள். இதைச் சொல்வது உங்கள் கஷ்டத்தை அவர்களோடு நிறுத்துப் பார்க்க இல்லை. அங்கே விலை மலிவு, கேட்டால் வளர்க்கும் விதத்தையும் சொல்லித் தருவார்கள். போனால் பூவோடு நிற்பதைப் பார்க்காமல், அடியில் புதுத் துளிர் இருப்பதாகப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்குங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிச் சம்மதம் கேளுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் தீத்திவங்சா ஏரித் தோட்டம் உங்களுக்குப் பக்கம்தான். நடைபாதை சமமாக இருக்கும், சக்கர நாற்காலி போகும். வெயில் ஏறும் முன், எட்டு மணிக்குள் போய்விட்டு வாருங்கள். நம் வீட்டுச் செடியாகவே இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்?

கடைசியாக ஒரு வேலை, இதை முன்கூட்டியே செய்து வையுங்கள். திடீரென்று அவரை வார்டில் சேர்க்க வேண்டி வரலாம், நீங்களும் கூடவே இருந்துவிடுவீர்கள். திரும்பி வந்து காய்ந்த சாடிகளைப் பார்க்க வேண்டாம். பருத்திக் கயிறு, பழைய பாவாடை நாடாகூடப் போதும், நன்றாக நனைத்து ஒரு முனையைச் சாடி மண்ணில் நாலு விரல் ஆழம் புதையுங்கள். மறுமுனை பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலின் அடிவரை போகட்டும். பாட்டில் சாடியின் உயரத்துக்கு இருக்க வேண்டும், ரொம்பத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் சரியாக ஏறாது. வாயைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு மூடிவிடுங்கள், கொசு இறங்கக் கூடாது. கற்பூரவல்லிக்கு இதுவும் தேவையில்லை. கங்குங்குக்கும் வெந்தயத்துக்கும் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் ஆகும் போலிருந்தால் எதிர்வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், வெந்தயம் வளர்ந்திருந்தால் வெட்டிக்கொள்ளவும் சொல்லுங்கள்.